ராஜூலா: ஒரு கப்பலின் 47 ஆண்டு உழைப்பும் அதன் தளத்தில் படுத்துப்போன நம் மக்களும்



நினைவுச் சொற்பொழிவில் ஒரு கப்பலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், சுவாமிமலைக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். இங்கே காவிரி ஓடுகிறது, நெல் விளைகிறது, பஞ்சலோகச் சிலை வார்க்கிறார்கள், அறுபது படி ஏறினால் முருகன் கோயில். கடல் இங்கே இல்லை. ஆனால் தஞ்சை ஜில்லாவின் சேரிகளில் வயதானவர்களிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். பாட்டன் வழியிலோ பாட்டி வழியிலோ பினாங்கு, கிள்ளான், ஈப்போ என்று ஒரு பெயர் வந்துவிடும். அங்கே போக ஒரே வழி நாகப்பட்டினம். நாகப்பட்டினத்தில் ஏற வேண்டியது கப்பல். அந்தக் கப்பல்களில் அதிக காலம் ஓடியது, அதிகம் பேரை ஏற்றியது ஒன்று உண்டு. அதன் பெயர் எஸ்.எஸ். ராஜூலா.

இன்றைய பேச்சு அந்தக் கப்பலின் வரலாறு. ஒரு கப்பலின் வரலாற்றை யார் பக்கம் நின்று எழுதுவது என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

1. கட்டப்பட்ட ஆண்டு

ராஜூலா 1926இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், பார்க்ளே கர்ல் என்ற கப்பல் கட்டும் நிறுவனத்தில் கட்டப்பட்டது. கொள்ளளவு 8,478 டன். நீராவி எந்திரத்தில் ஓடிய கப்பல். சொந்தக்காரர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. இதே ஆண்டில் இதற்கு ஒரு சகோதரிக் கப்பலும் நியூகாசிலில் கட்டப்பட்டது. அதன் பெயர் ரோனா. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்ற தடத்துக்காகவே இரண்டையும் கட்டினார்கள்.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். மலேயாவில் ரப்பர் விலை ஏறியிருந்தது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். 1926, 1927 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தென்னிந்தியாவிலிருந்து மலேயாவுக்குப் போனவர்கள் ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பேர் போனதில்லை. இந்தக் கூட்டத்தை ஏற்றத்தான் இந்தக் கப்பல் வரைபடத்திலேயே திட்டமிடப்பட்டது.

அதனால்தான் ராஜூலாவில் மேல் வகுப்பு அறைகள் கொஞ்சம், தளம் மிகப் பெரிது. தொடக்கத்தில் அதற்குக் கொடுக்கப்பட்ட உரிமம் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றலாம் என்றது. உலகிலேயே இவ்வளவு பேரை ஏற்ற அனுமதி பெற்ற பயணிக் கப்பல்கள் அபூர்வம் என்று கப்பல் வரலாறு எழுதுகிறவர்கள் பெருமையாகக் குறிப்பிடுவார்கள். 1912இல் மூழ்கிய டைட்டானிக் நமக்குத் தெரியும். அது ராஜூலாவைவிட ஐந்து மடங்குக்கும் மேல் பெரியது. அதில் இருந்தவர்கள் ஏறத்தாழ 2,200 பேர். ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள கப்பலில் அதைவிட இரண்டு மடங்கு ஆட்கள். கப்பலின் அளவைப் பார்த்து இந்தக் கணக்கைப் போடவில்லை. ஏறுகிறவர் யார் என்று பார்த்துப் போட்ட கணக்கு இது.

2. யார் ஏறினார்கள்

ஒப்பந்தக் கூலி முறை மலேயாவில் 1910இல் நின்றது. அதன் இடத்தைக் கங்காணி முறை பிடித்தது. 1907இல் தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி ஒரு குடியேற்ற நிதியை மலேயாவில் ஏற்படுத்தினார்கள். தொழிலாளிக்குக் கப்பல் கட்டணம் அந்த நிதியிலிருந்து. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரே லைசென்ஸ் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார். அவர்தான் கங்காணி. சேர்த்த ஆளுக்குக் கமிஷன். தோட்டத்தில் தினமும் வேலைக்கு இறக்கும் ஆளுக்குத் தலைக்காசு.

போனவர்களில் எல்லாச் சாதியாரும் இருந்தார்கள். வன்னியர், கள்ளர், கவுண்டர் என்று நிலமில்லாத, நிலம் குறைந்த பலரும் போனார்கள். ஆனால் பறையர், பள்ளர், சக்கிலியர் என்று அன்றைய ஏடுகளில் எழுதப்பட்ட நம் மக்கள் அதில் மிகப் பெரிய பங்கு. ஊர் மக்கள்தொகையில் அவர்களுக்கு இருந்த பங்கைவிடக் கப்பல் தளத்தில் அவர்களுடைய பங்கு அதிகம்.

ஏன் என்று தஞ்சை ஜில்லாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பண்ணையாள் என்றால் என்ன என்று இங்கே கேட்டால் இன்றும் விளக்கம் கிடைக்கும். கூலி நெல்லாக. அதுவும் மிராசுதார் வைத்திருக்கும் மரக்காலால். கல்யாணத்துக்கு வாங்கிய கடன் மகன் தலையில். விடியுமுன் வயலுக்குப் போகாவிட்டால் சவுக்கடி, சாணிப்பால். குடிசை நிற்கும் மனையும் மிராசுதாருடையது. வேறு பண்ணைக்கு மாறலாம் என்றால் அடுத்த ஊர் மிராசுதாரும் அதே ஆள்தான்.

இந்த நிலையில் ஒருவர் வந்து, அங்கே கூலி காசாகக் கிடைக்கும் என்கிறார். காசு என்ற சொல்லைக் கவனியுங்கள். நெல்லை எங்கும் கொண்டுபோய்ச் சேமிக்க முடியாது. காசைச் சேமிக்கலாம், ஊருக்கு அனுப்பலாம், கடனை அடைக்கலாம். காசு வாங்குகிறவன் அதைக் கொடுத்தவனின் களத்துமேட்டில் நிற்க வேண்டியதில்லை.

அதனால் மிராசுதார்களுக்கு இந்தக் கப்பல்கள் பிடிக்கவில்லை. ஆள் போய்விடுகிறது, நடவுக்கு ஆள் இல்லை என்ற முறையீடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தஞ்சை ஜில்லாவில் எழுந்தன. அரசாங்கம் அதற்கு ஒரு கதவைத் திறந்துவைத்திருந்தது. கங்காணி கூட்டிக்கொண்டு வரும் ஆள் கிராம முன்சீப் முன்னால் நிறுத்தப்பட வேண்டும். இவர் போகத் தடையில்லை என்று முன்சீப் ஒப்பமிட வேண்டும். ஏமாற்றி ஆள் பிடிப்பதைத் தடுப்பதற்கான விதி என்று சொன்னார்கள். ஓரளவுக்கு அது உண்மையும்கூட. ஏமாற்றிப் பிடித்துக்கொண்டு போனதும் நடந்தது. ஆனால் கிராம முன்சீப் யார்? பெரும்பாலும் மிராசுதாரின் சொந்தக்காரர், அல்லது மிராசுதாரே. பண்ணையிலிருந்து தப்பிக்கப் பண்ணைக்காரனின் கையெழுத்து வேண்டும் என்பதுதான் நடைமுறையில் அந்த விதி.

கையெழுத்து கிடைத்தவர்கள் ரயில் ஏறினார்கள். சுவாமிமலையிலிருந்து தஞ்சாவூர், அங்கிருந்து திருவாரூர் வழியாக நாகப்பட்டினம். 1861இல் நாகப்பட்டினம்-தஞ்சை ரயில் பாதையைத் திறந்தபோது நெல்லையும் துணியையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோகத்தான் நினைத்தார்கள். அந்தப் பாதை ஆட்களையும் கொண்டுபோனது.

3. தளம்

நாகப்பட்டினத்தில் எமிக்ரேஷன் டிப்போ இருந்தது. அங்கே அம்மை குத்துவார்கள், துணியை அவிப்பார்கள், பெயரை எழுதுவார்கள். சென்னைப் பக்கம் ஆவடியில் இன்னொரு டிப்போ. கப்பல் வரும்வரை அங்கே காத்திருக்க வேண்டும்.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. ராஜூலா தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பயணிகள் படகில் போய்க் கடலில் ஏறவேண்டும். ஆற்றைத் தவிர வேறு நீரைப் பார்த்திராத, இடுப்பில் குழந்தையோடு வந்த பெண்கள் அலையில் ஆடும் படகிலிருந்து கப்பலின் ஏணியைப் பிடித்து ஏறினார்கள். தஞ்சை ஜில்லாவில் சேற்றில் நின்று நாற்று நட்ட கைகள் அவை.

பினாங்குக்கு ஐந்தாறு நாள். தளத்தில் அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாயை விரித்த இடம்தான் இடம். மேலே வெயிலுக்கும் மழைக்கும் தார்ப்பாய். சமையலுக்குப் பண்டாரிகள் இருப்பார்கள். சோறு கப்பலிலேயே. போய்ச் சேர்ந்த பிறகு பினாங்கு அருகே ஜெரஜா தீவில் நோய்த்தடுப்பு முகாம். அம்மையோ காலராவோ ஒருவருக்கு வந்தால் கப்பலில் வந்த எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

இந்தத் தளத்தைப் பற்றி ஒரு கேள்வியை நம் மாணவர்கள் ஆராய வேண்டும். கப்பலில் சாதி இருந்ததா? இருந்தது. கங்காணி தன் ஆட்களைக் குழுவாகவே கூட்டிவந்தார். அந்தக் குழு ஊரின், சாதியின் குழு. தோட்டத்தில் லயங்களிலும் சாதிவாரியாகத் தனி வரிசை கொடுத்த தோட்டங்கள் உண்டு. ஆனால் ஊரில் இருந்த ஒன்று கப்பலில் இல்லை. ஊர் என்றும் சேரி என்றும் பிரிக்க இடம் இல்லை. நடுவில் வயல் இல்லை, தெருமுனை இல்லை. ஒரே தளம், ஒரே தார்ப்பாய், ஒரே தண்ணீர்க் குழாய். பாயை நகர்த்தலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். தூரத்தை உண்டாக்க முடியாது. ஊரில் தீண்டாமையைக் கடவுள் செய்தது என்றார்கள். கப்பலில் ஐந்து நாள் அதை விட்டுவிட்டு இருக்கவும் முடிந்தது.

இதை நான் பெரிதுபடுத்தவில்லை. அந்த ஐந்து நாளால் சாதி ஒழியவில்லை. இறங்கியதும் சாதியும் கூடவே இறங்கியது. அங்கும் சில கோயில்களில் நம் மக்களுக்குத் தடை இருந்தது. ஆனால் இது மனிதர்கள் வைத்த ஏற்பாடுதான், இடம் மாறினால் மாறக்கூடியதுதான் என்று தன் உடம்பாலேயே தெரிந்துகொண்ட ஒரு தலைமுறை அந்தத் தளத்திலிருந்து இறங்கியது. 1929 டிசம்பரில் பெரியார் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி மலேயாவுக்குப் போனபோது சுயமரியாதைப் பேச்சைக் கேட்க அங்கே ஆட்கள் தயாராக இருந்தார்கள். திருவாரூரிலிருந்து போன கோ. சாரங்கபாணி 1935இல் சிங்கப்பூரில் தமிழ் முரசைத் தொடங்கியபோது அதைப் படிக்கவும் படித்துச் சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். ஆதிதிராவிடர் சங்கங்களும் அங்கே எழுந்தன.

4. கூலியும் சைக்கிளும்

1920களின் இறுதியில் மலேயாவில் நிர்ணயித்த கூலி, எளிதில் போய்ச்சேரக்கூடிய பகுதிகளில், ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 சென்ட். அதே மரத்தில் அதே பாலை வெட்டும் பெண்ணுக்கு 10 சென்ட் குறைவு. பிறகு 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை விழுந்தது. கூலி பாதியளவுக்குக் கூட இறங்கியது. வேலை இல்லாதவர்களைப் பல்லாயிரக்கணக்கில் திருப்பி அனுப்பினார்கள். ஆட்களை ஏற்றிப்போன கப்பல் சில ஆண்டுகளுக்குள் அதே ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. விலை ஏறினால் ஏற்று, இறங்கினால் இறக்கு. கம்பெனிக்கு இரண்டு பக்கமும் கட்டணம். திரும்பி வந்தவர்களுக்கு இங்கே காத்திருந்தது அதே பண்ணை, அதே மரக்கால்.

1936இன் இறுதியில் இந்திய அரசாங்கம் மலேயாத் தொழிலாளர் நிலையை ஆராய ஒருவரை அனுப்பியது. அவர் வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி. இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க வலங்கைமானில் பிறந்தவர். கூலியைப் பழைய அளவுக்கு உயர்த்த வேண்டும், கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதை நிறுத்த வேண்டும் என்றது அவருடைய அறிக்கை. அங்கிருந்த இந்தியர் சங்கத்தினருக்கு அது போதாது என்று தோன்றியது. 1938இல் தோட்ட முதலாளிகள் மீண்டும் கூலியைக் குறைத்தார்கள். அந்த ஆண்டு ஜூனில் இந்திய அரசாங்கம் உதவிக் கட்டணத்தில் தொழிலாளர் போவதைத் தடைசெய்தது. தேசியவாதிகள் அதை வெற்றி என்று கொண்டாடினார்கள். நாட்டின் மானம் காக்கப்பட்டது என்றார்கள்.

இந்தத் தடையை நாம் எப்படிப் படிப்பது? தோட்டக் கூலி சுரண்டல்தான், சந்தேகமில்லை. ஆனால் பண்ணையாளுக்கு இருந்த ஒரே வெளிவாசலும் அன்று மூடப்பட்டது. அதை மூடியவர்கள் பண்ணையைத் திறக்கவில்லை. தஞ்சை ஜில்லாவில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆயிற்று. இடையில் 14 ஆண்டு. அதுவும் தானாக வரவில்லை. 1943 முதல் பி. சீனிவாசராவ் போன்ற தோழர்களோடு சேர்ந்து நம் மக்கள் அடிபட்டு, சிறைபட்டு வாங்கியது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் என்பவர் அதன் தலைவர்களில் ஒருவர். அவரைக் கைதுசெய்து நாடு கடத்தினார்கள். படையை இறக்கிச் சுட்டார்கள். தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, மருத்துவம் இருந்தது. இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

தோழர்களே, இந்தக் கோரிக்கை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊர்த் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த வழக்கமும், சைக்கிளை உருட்டிக்கொண்டு போன வழக்கமும் இந்த ஜில்லாவில் எவ்வளவு காலம் இருந்தன என்று தெரியும். ஊரில் கேட்க முடியாததை அங்கே எழுதிக் கேட்டார்கள். அதற்காகச் சுடப்பட்டார்கள்.

5. போர்

இரண்டாம் உலகப் போரில் ராஜூலாவும் ரோனாவும் படைக் கப்பல்கள் ஆயின. 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில், அல்ஜீரியக் கரைக்கு அருகே, ஜெர்மன் விமானம் ஒன்று வானொலியால் இயக்கப்பட்ட குண்டை ரோனாவின் மீது வீசியது. கப்பல் மூழ்கியது. அதில் இறந்த அமெரிக்கப் படைவீரர்கள் 1,015 பேர். அமெரிக்க அரசாங்கம் அதைப் பல ஆண்டு வெளியே சொல்லவில்லை. இன்று அங்கே அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, பெயர்ப் பட்டியல் இருக்கிறது, ஆண்டுதோறும் கூடுகிறார்கள். அவர்களோடு இறந்த கப்பல் ஊழியர்கள் நூற்றுக்கும் மேல். பெரும்பாலோர் இந்திய லஸ்கர்கள். எந்திர அறையிலும் தளத்திலும் வேலை செய்தவர்கள். அவர்களை நினைத்து இங்கே யார் கூடுகிறார்கள்?

அதே போரில் ஜப்பானியர் மலேயாவைப் பிடித்தார்கள். ராஜூலாவும் அதுபோன்ற கப்பல்களும் கொண்டுபோய் இறக்கிய தோட்டத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் சயாம்-பர்மா ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டார்கள். திரும்பியவர்கள் குறைவு. அந்த நான்கு ஆண்டும் நாகப்பட்டினத்துக்கு மலேயாவிலிருந்து கப்பல் இல்லை, கடிதம் இல்லை, மணியார்டர் இல்லை. தஞ்சை ஜில்லாவில் எத்தனை பெண்கள் தாலி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே அந்த ஆண்டுகளைக் கழித்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை.

6. திரும்பும் பயணம்

ராஜூலா தப்பியது. போர் முடிந்து மறுபடி பழைய தடத்துக்கு வந்தது. தளப் பயணிகளின் எண்ணிக்கை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. வசதிகள் கொஞ்சம் கூடின. 1953 ஆகஸ்ட் முதல் மலேயாவில் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்து, தொழிலாளியாகப் புதிதாகப் போவது ஏறக்குறைய நின்றது. பிறகு இந்தக் கப்பலில் போனவர்கள் வியாபாரிகள், விடுப்பில் வந்து திரும்புகிறவர்கள், குடும்பத்தைச் சேரப் போகிற மனைவி மக்கள், கலைஞர்கள். சுவாமிமலையில் வார்த்த விக்கிரகங்கள் மலேசியா, சிங்கப்பூர்க் கோயில்களுக்குப் போனதும் கடல்வழிதான். சாமியை வைக்கோல் சுற்றி, பெட்டியில் வைத்து, உடையாமல் இறக்கினார்கள். 1939இல் ஆலய நுழைவுச் சட்டமும் 1947இல் அதைவிட வலுவான சட்டமும் வரும்வரை இந்த மலையின் அறுபது படியை ஏற உரிமையில்லாத மக்களை, அதே கடலில் எப்படிக் கொண்டுபோனார்கள் என்பதை மேலே சொன்னேன்.

1969இல் மலேசியாவில் நிலைமை மாறியது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் என்ற சட்டம் 1968இல் வந்திருந்தது. தோட்டத் தமிழர்களில் ஏராளமானோரிடம் குடியுரிமைத் தாள் இல்லை. அங்கேயே பிறந்தவர்களிடமும் பிறப்புச் சான்று இல்லை. ஏறத்தாழ 60,000 பேர் அந்தக் காலத்தில் இந்தியாவுக்குக் கிளம்பினார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். பாட்டன் ஏறிய கப்பலில் 1970இல் பேரன் திரும்பினான். அதே ராஜூலா.

அவர்கள் இறங்கிய நாகப்பட்டினத்தின் பக்கத்தில்தான் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல் கூடக் கேட்டதற்காக, செங்கொடியை இறக்க மறுத்ததற்காக, 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். எல்லோரும் நம் மக்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். மலேசியாவில் அனுமதிச்சீட்டு இல்லாமல் துரத்தப்பட்ட தலித் குடும்பம் ஒன்று இந்தக் கரையில் இறங்கும்போது, இங்கே என்ன அனுமதிச்சீட்டு அவர்களுக்காகக் காத்திருந்தது? அங்கே குடிமகன் இல்லை என்றார்கள். இங்கே குடிமகன்தான். ஆனால் அரைப்படி நெல் கூடக் கேட்டால் தீ.

ராஜூலாவின் முடிவைச் சொல்கிறேன். 1973இல் அதை இந்தியக் கப்பல் கழகம் வாங்கியது. அந்தமானில் உள்ள ஓர் ஊரின் பெயரால் ரங்கத் என்று பெயர் மாற்றியது. புதுப் பெயரில் அது அதிக நாள் ஓடவில்லை. 1974இல் பம்பாயில் உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள். 47 ஆண்டு உழைத்த கப்பல். அதன் இடத்துக்கு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் அதிலும் தீப்பிடித்துப் பயணிகள் பலர் மாண்டார்கள். தமிழ்நாட்டுக்கும் மலேசியாவுக்கும் இடையிலான பயணிக் கப்பல் காலம் அதோடு முடிந்தது.

ராஜூலா விலைபோன அதே 1973இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் வெண்மணி வழக்கில் மிராசுதார்களை விடுதலை செய்தது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. இரண்டும் ஒரே ஜில்லாவின் ஒரே மக்களுக்கு நடந்தவை, அவ்வளவுதான்.

7. எந்தக் கப்பல் பாடப்புத்தகத்தில் இருக்கிறது

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் ஒரு கப்பல் கதை தெரியும். வ.உ. சிதம்பரனார் 1906இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்ற கப்பல்களை வாங்கித் தூத்துக்குடி-கொழும்புத் தடத்தில் விட்டார். எதிராளி யார்? பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. ராஜூலாவின் அதே கம்பெனி. கட்டணத்தைக் குறைத்து அவரை நசுக்கினார்கள். 1908இல் சிறையில் தள்ளினார்கள். கப்பல்கள் விற்கப்பட்டன. வ.உ.சி. பட்ட துன்பம் பெரிது, அவருடைய துணிவு பெரிது. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

என் கேள்வி வேறு. சில ஆண்டுகளே ஓடிய அந்த இரண்டு கப்பலின் பெயர் ஒவ்வொரு குழந்தைக்கும் தெரிகிறது. 47 ஆண்டு ஓடிய, இலட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களை ஏற்றிய கப்பலின் பெயர் ஏன் தெரியவில்லை? வெள்ளைக்காரன் கப்பல் என்பதாலா? ரயிலும் வெள்ளைக்காரன் போட்டதுதான். கல்லணைக்கு மேல் மேட்டூர் அணையும் அவன் காலத்தில் கட்டியதுதான். அவையெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன.

எனக்குத் தோன்றும் விடை இது. நம் நாட்டில் கப்பலின் வரலாறு என்றால் கப்பல் யாருடையது என்ற வரலாறு. நிலத்தின் வரலாறு என்றால் பட்டா யார் பெயரில் என்ற வரலாறு. உடைமையாளர் வெள்ளையரா இந்தியரா என்பதில்தான் சண்டை. அதில் பயணம் செய்தவர், அதில் உழைத்தவர் அந்தச் சண்டைக்குள் வருவதில்லை. ராஜூலாவின் டன் கணக்கு கிடைக்கிறது, நீளம் அகலம் கிடைக்கிறது, கட்டிய நிறுவனம் கிடைக்கிறது. தளத்தில் படுத்திருந்த ஐயாயிரம் பேரில் ஒருவர் பெயரும் அந்தக் கப்பலின் கதையில் இல்லை. காவிரிப் படுகையின் வரலாறு எழுதுகிறவர்கள் கரிகாலனிலிருந்து தொடங்கி மிராசுதாரில் முடிப்பதும் இதே முறைதான்.

இன்னொரு தவறும் நடக்கிறது. நம் பக்கத்தில் சிலர் கடல் கடந்ததை விடுதலை என்று மட்டும் எழுதுகிறோம். தேசியவாதிகள் அதை அடிமைத்தனம் என்று மட்டும் எழுதினார்கள். இரண்டும் பாதிதான். கங்காணியின் கடன், பெண்ணுக்குக் குறைந்த கூலி, சயாம் மரண ரயில், குடியுரிமையற்ற வாழ்வு, இவற்றை மறைத்துவிட்டு அதை விடுதலை என்று சொல்ல முடியாது. மரக்காலையும் சாணிப்பாலையும் மறைத்துவிட்டு அதை அடிமைத்தனம் என்று மட்டும் சொல்லவும் முடியாது. தனக்கு முன்னால் இருந்த இரண்டு கெட்ட வழிகளில் எது தன் பிள்ளைக்குக் கொஞ்சம் இடம் தரும் என்று கணக்குப் பார்த்து ஏறினார்கள். அந்தக் கணக்கை அவர்கள் போட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்வதுதான் அவர்களுக்கு நாம் தரும் முதல் மரியாதை. ஆளை ஓட்டிக்கொண்டு போனார்கள் என்று எழுதும்போது, மிராசுதார் பேசிய மொழியில்தான் நாமும் பேசுகிறோம்.

8. செய்ய வேண்டியது

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். தகரப் பெட்டி ஒன்று இருக்கலாம். அதில் பழைய பாஸ்போர்ட், அம்மை குத்திய சீட்டு, தளப் பயணச் சீட்டு, மணியார்டர் அடிக்கட்டை, தோட்டத்துச் செக்ரோல் துண்டு, மஞ்சளாகிப்போன ஒரு புகைப்படம் இருக்கலாம். சில ஊர்களில் அந்தக் காசில் வாங்கிய அரை மா நிலத்தின் பத்திரம் இருக்கும். சேரியில் முதல் ஓட்டு வீடு யார் கட்டியது, எந்தக் காசில் கட்டியது என்று கேளுங்கள். முதலில் பள்ளிக்கூடம் போன பிள்ளையின் அப்பா எங்கே இருந்தார் என்று கேளுங்கள்.

குறிப்பாகப் பாட்டிமார்களிடம் கேளுங்கள். போனவர்களைப் பற்றி ஏதோ கொஞ்சம் எழுதியிருக்கிறார்கள். போனவனுக்காகக் காத்திருந்தவளைப் பற்றியும், கைக்குழந்தையோடு படகிலிருந்து ஏணி ஏறியவளைப் பற்றியும், 40 சென்ட் கூலி வாங்கியவளைப் பற்றியும் எழுதவில்லை. பெயர், ஊர், தோட்டம், போன ஆண்டு, வந்த ஆண்டு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் எந்தப் புயலுக்கு முன், எந்தப் பஞ்சத்துக்குப் பின் என்று எழுதுங்கள். நூறு பேர் எழுதினால் அது ஓர் ஆவணக் காப்பகம்.

இதைச் செய்யக் காலம் அதிகம் இல்லை. 1970இல் ராஜூலாவிலிருந்து பத்து வயதில் இறங்கிய பிள்ளைக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. ஏறிப் போன தலைமுறையில் யாரும் இல்லை. கப்பலை உடைத்து ஐம்பது ஆண்டு ஆகிவிட்டது. இரும்பை உருக்கி வேறு எதையோ செய்திருப்பார்கள். அதைத் தேட வேண்டாம்.

தளத்தில் பாய் விரித்தவர்களின் பெயர்களைத் தேடுவோம். இந்தச் சொற்பொழிவு யாருடைய நினைவாக நடக்கிறதோ அவரும் பெயரில்லாதவர்களின் பெயர்களைத் தேடியவர்தான். அடுத்த ஆண்டு இதே இடத்தில் கூடும்போது ஒவ்வொருவரும் ஒரு பெயராவது கொண்டு வாருங்கள்.